பிஆர்ஐ லைனில் இருந்து எஸ்ஐபிக்கு: மென்பொருள் வாய்ஸ் கேட்வே போதுமா, பெட்டி வேண்டுமா?

புறக்கோட்டை_கணினி

வணக்கம். கொழும்புப் புறக்கோட்டையில் ஓர் இறக்குமதி நிறுவனத்தில் கணினிப் பிரிவைக் கவனிக்கிறேன். தொலைபேசியும் என் தலையில்தான். ஒரு பிஆர்ஐ லைன் (ஒரே கம்பியில் பல அழைப்புகளைக் கொண்டுவரும் டிஜிட்டல் இணைப்பு), அதற்குப் பின்னால் வயதான பிஏபிஎக்ஸ் (அலுவலகத் தொலைபேசிகளை இணைக்கும் பெட்டி). வெள்ளவத்தையிலும் யாழ்ப்பாணத்திலும் கிளைகள். இப்போது எஸ்ஐபி ட்ரங்கிற்கு, அதாவது இணைய நெறிமுறை வழியாக அழைப்புகள் போய்வரும் இணைப்புக்கு, மாறப் போகிறோம்.

விற்பனையாளர் ஒருவர் மென்பொருள் வாய்ஸ் கேட்வே (அழைப்புகளை ஒரு வகை இணைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தருவது) ஒன்றைக் காட்டினார். இருக்கிற சர்வரிலேயே மெய்நிகர் கணினியாக (சர்வருக்குள் மென்பொருளாலான தனிக் கணினியாக) ஓடுமாம், ஒரே நேரத்தில் 500 அழைப்புகளைத் தாங்குமாம், பெட்டி எதுவும் வேண்டாமாம். விலையைக் கேட்டு முதலாளி சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம். சிறப்பம்சப் பட்டியல் மட்டும் நான்கு பக்கம். அதில் எது எங்களுக்குத் தேவை, எது அலங்காரம்?

பழைய_கம்பி

தம்பி, பட்டியலை மூடி வைத்துவிட்டு முதலில் கட்டடத்திற்குள் வரும் கம்பியைப் பாருங்கள். மென்பொருளில் கம்பி செருக இடம் கிடையாது. உங்கள் பிஏபிஎக்ஸ் பேசுவது பிஆர்ஐ, புதிய ட்ரங்க் பேசுவது எஸ்ஐபி. பிஏபிஎக்ஸை வைத்துக்கொள்வதாக இருந்தால் நடுவில் ஈ1 போர்ட் (பிஆர்ஐ கம்பி செருகும் இடம்) உள்ள சிறிய பெட்டியோ, சர்வரில் ஒரு ஈ1 கார்டோ வேண்டும். பிஏபிஎக்ஸுக்கு எஸ்ஐபி தெரிந்தால்தான் "பெட்டி வேண்டாம்" என்ற பேச்சு உண்மை. அதை அவர் சொல்லியிருக்க வேண்டும்.

500 என்ற கணக்கை நான் நம்பமாட்டேன். ஒரு பிஆர்ஐயில் பேச்சுக்கு 30 வழிகள்தான். அதற்கு மேல் உங்களுக்கு எதற்கு? அந்த எண்ணிக்கையும் பெரும்பாலும் ஒலியைத் தொடாமல் அப்படியே கடத்தும்போது கிடைப்பது. ஒரு பக்கம் ஒலியை அதிகம் சுருக்காத ஜி.711 முறை, மறுபக்கம் நன்றாகச் சுருக்கும் ஜி.729 முறை என்றால் ஒவ்வோர் அழைப்பையும் பிரித்து மறுபடி சுருக்க வேண்டும்; இதுதான் டிரான்ஸ்கோடிங். பெரிய பெட்டிகளில் இதற்கென்று தனிச் செயலி இருக்கும். மென்பொருளில் முழுச் சுமையும் சர்வரின் சிபியுவில் விழும். "டிரான்ஸ்கோடிங்குடன் எத்தனை அழைப்பு?" என்று எழுத்தில் கேளுங்கள். அல்லது இரு பக்கமும் ஜி.711 வைத்துவிடுங்கள். ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் ஏறத்தாழ 80 கிலோபிட். 30 அழைப்பும் சேர்ந்தால் 2.4 மெகாபிட். ஃபைபர் வந்த கட்டடத்தில் இதை மிச்சம்பிடித்து ஒலியைக் கெடுப்பது வீண் சிக்கனம்.

நான் காசு கொடுக்கும் அம்சம் எண் மாற்றம்தான். உங்கள் ஆட்கள் வெளி லைனுக்கு 9 அடித்து, கொழும்புக் குறியீடான 011 இல்லாமல் ஏழு இலக்கம் அடித்துப் பழகியவர்களாக இருப்பார்கள். ட்ரங்க் +9411 என்று முழு எண்ணைக் கேட்கலாம். கேட்வே 9ஐ வெட்டி, முன்னால் சேர்க்க வேண்டியதைச் சேர்த்து அனுப்ப வேண்டும். யாழ்ப்பாணத்தில் அதே ஏழு இலக்கத்திற்கு முன்னால் வர வேண்டியது 21. இரு கிளைக்கும் ஒரே விதியைப் போட்டால், அங்கே ஒருவர் பக்கத்துக் கடைக்கு அடிக்க, கொழும்பில் யாரோ எடுத்து "யார் பேசுவது?" என்பார்.

அவசர எண்களான 119 (பொலிஸ்), 1990 (ஆம்புலன்ஸ்) இரண்டையும் இந்த விதிகளுக்கு வெளியே வையுங்கள். 9 அடித்தாலும் அடிக்காவிட்டாலும் போக வேண்டும். யாழ்ப்பாணக் கிளையின் அவசர அழைப்பு கொழும்பு ட்ரங்க் வழியாகப் போனால், எடுப்பவருக்குத் தெரிவது கொழும்பு எண். ஆகவே அங்கே சாதாரண லைன் ஒன்றை விட்டுவைத்து, அவசர அழைப்பை அதில் வெளியே விடுங்கள்.

வெள்ளவத்தை_நெட்வொர்க்

ஐயா சொன்னதோடு ஒன்று. எஸ்ஐபி பயன்படுத்தும் 5060 போர்ட்டை இணையத்திற்குத் திறந்து வைக்காதீர்கள். கடவுச்சொல் தேடி அலையும் நிரல்கள் இரவு பகல் பாராமல் தட்டிக்கொண்டே இருக்கும். சேவை நிறுவனத்தின் ஐபி முகவரிகளை மட்டும் அனுமதியுங்கள். வெளிநாட்டு அழைப்பை எல்லோருக்கும் மூடி, தேவையான நாடுகளை மட்டும் திறவுங்கள். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் போயா விடுமுறையில் யாரோ உள்ளே புகுந்து, கேள்விப்படாத நாடுகளுக்கெல்லாம் பேசித் தள்ளிவிட்டார்கள். பில் வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது.

டிஎல்எஸ், எஸ்ஆர்டிபி (அழைப்பை மறையாக்கும் முறைகள்) உண்டு என்று பட்டியலில் இருக்கும். ட்ரங்க் தருபவரும் ஆதரித்தால்தான் அந்தப் பக்கம் பயன். ரௌட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி (எஸ்ஐபி தகவல்களைத் தானாகத் திருத்தும் வசதி) என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கும் வியாதிக்கு அடிக்கடி அதுவே காரணம்.

புறக்கோட்டை_கணினி

இருவருக்கும் நன்றி. பிஏபிஎக்ஸுக்கு எஸ்ஐபி தெரியாது, இப்போதுதான் பார்த்தேன். சுங்க வேலைக்கு ஒரு ஃபேக்ஸும் இருக்கிறது, அதை விடமாட்டார்கள். யாழ்ப்பாண இணைப்பு அறுந்தால் அங்கே உள்ளவர்கள் என்ன செய்வது?

பழைய_கம்பி

அப்படியென்றால் ஈ1 பெட்டிக்கும் சேர்த்து விலை கேளுங்கள், முதலாளி சிரிப்பை நிறுத்துவார்.

ஃபேக்ஸுக்கு டி.38 (ஃபேக்ஸை இணைய நெறிமுறை வழியே கடத்தும் முறை) வேண்டும், அதுவும் ட்ரங்க் பக்கமும் சேர்த்து. இல்லையென்றால் ஃபேக்ஸை மட்டும் செம்புக் கம்பி லைனில் விட்டுவிடுங்கள். நான் அதையே செய்வேன். யாழ்ப்பாணத்தில் எஃப்எக்ஸ்ஓ போர்ட் (சாதாரண லைனைச் செருகும் இடம்) உள்ள சிறிய கேட்வே வைத்தால், கொழும்போடு தொடர்பு அறுந்தாலும் அங்குள்ளவர்கள் தங்களுக்குள் பேசலாம், நான் சொன்ன அந்தச் சாதாரண லைனில் வெளியேயும் பேசலாம். அந்தப் பெட்டிக்கு இப்படித் தனித்து இயங்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மின்வெட்டுக்கு யூபிஎஸ், சொல்லத் தேவையில்லை.

மெய்நிகர் கணினிக்கு சிபியுவை ஒதுக்கி வையுங்கள், கணக்கு மென்பொருளோடு பங்குபோட விடாதீர்கள். வேலை நேரத்தில் ஸ்னாப்ஷாட் (அந்தக் கணினியின் அப்போதைய நிலையின் பிரதி) எடுத்தால் பேசிக்கொண்டிருப்பவர்களின் குரல் வெட்டுப்படும்.

பணம் கொடுக்கும் முன் சோதனைப் பதிப்பில் ஒரு வங்கியின் தானியங்கிச் சேவைக்கு அடித்து, கேட்கும் இலக்கங்களை அழுத்திப் பாருங்கள். அழுத்தியது போய்ச் சேராவிட்டால் டிடிஎம்எஃப் (அழுத்தும் இலக்கங்களை அனுப்பும் முறை) அமைப்பு இரு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். அதை விற்பனையாளரை உட்கார வைத்துச் சரிசெய்ய வையுங்கள்.