பல்க் இன்: 4095 பைட் போகிறது, 4096 பைட்டில் ஹோஸ்ட் காத்து நிற்கிறது

கேள்வி

வணக்கம். லினக்ஸ் யூஎஸ்பி கேட்ஜெட்டுக்கான (லினக்ஸ் கருவியே யூஎஸ்பி சாதனமாக இயங்கும் முறை) டிவைஸ் கன்ட்ரோலர் டிரைவர் ஒன்றைத் திருத்தி வருகிறேன். ஹை ஸ்பீடில் பல்க் இன் எண்ட்பாயிண்ட் (சாதனத்திலிருந்து ஹோஸ்ட் கணினிக்குத் தரவு போகும் தடம்) வழியாக 4095 பைட் அனுப்பினால் ஹோஸ்ட் உடனே பெற்றுக்கொள்கிறது. 4096 பைட் அனுப்பும்போதோ, என் பக்கம் ரிக்வெஸ்ட் பிழையின்றி முடிந்ததாகக் காட்டினாலும், 16384 பைட் பஃபருடன் படிக்கும் ஹோஸ்ட் டைம்அவுட் ஆகும்வரை காத்திருக்கிறது. ரிக்வெஸ்டில் ஜீரோ ஃபிளாகை வைத்தே அனுப்புகிறேன். டிஎம்ஏ (செயலியின்றி வன்பொருளே தரவை நகர்த்துவது) முடிந்த இன்டரப்டில், ரிக்வெஸ்ட் முடிந்ததென்று கேட்ஜெட் டிரைவருக்குச் சொல்லும் கம்ப்ளீட் கால்பேக்கை அழைக்கிறேன். பிழை எங்கே?

பதில் 1

ஹை ஸ்பீடில் ஒரு பல்க் பேக்கெட்டின் முழு அளவு 512 பைட்; 4096 என்பது எட்டு 512. கேட்ட அளவு நிரம்பினாலோ, 512 பைட்டுக்குக் குறைந்த பேக்கெட் வந்தாலோதான் டிரான்ஸ்ஃபர் முடிந்ததென்று ஹோஸ்ட் அறியும். 4095-இல் கடைசிப் பேக்கெட் 511 பைட் என்பதால் தப்பித்தீர்கள். உங்கள் டிரைவர் ஜீரோ ஃபிளாகைப் பார்ப்பதே இல்லை என்று நினைக்கிறேன். அது இருந்து, நீளமும் 512-ஆல் மீதியின்றி வகுபட்டால், இறுதியில் பூஜ்ய நீளப் பேக்கெட் ஒன்றை அனுப்ப வேண்டும். ஃபிளாகைப் பாராமல் எல்லாவற்றுக்கும் அனுப்பிவிடாதீர்கள்: மாஸ் ஸ்டோரேஜில் 13 பைட் நிலைச் செய்தி வரவேண்டிய இடத்தில் ஹோஸ்டுக்கு வெற்றுப் பேக்கெட் போய்ச் சேரும்.

பதில் 2

மேலே சொன்னது சரி. ஆனால் கால்பேக்கை அழைக்கும் இடமும் தவறு. டிஎம்ஏ முடிந்தது என்றால் தரவு நினைவகத்திலிருந்து ஃபைஃபோவுக்கு (கன்ட்ரோலருக்குள் பேக்கெட்டுகள் காத்திருக்கும் பஃபர்) வந்துவிட்டது என்றுதான் பொருள். கடைசிப் பேக்கெட்டை ஹோஸ்ட் இன்னும் கேட்காமலே இருக்கலாம். அந்தப் பேக்கெட்டுக்கு, வெற்றுப் பேக்கெட் உண்டென்றால் அதற்கு, ஹோஸ்டின் ஏக் (பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை) வந்த இன்டரப்டில்தான் ரிக்வெஸ்டை முடிக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் அதை வரிசையிலிருந்து நீக்கி, நிலையை எழுதி, ஸ்பின்லாக் என்ற பூட்டை விடுவித்த பிறகே கால்பேக்கை அழையுங்கள். பல கேட்ஜெட் டிரைவர்கள் கால்பேக்குக்குள்ளேயே அடுத்த ரிக்வெஸ்டை வரிசையில் சேர்ப்பதால், பூட்டைப் பிடித்தபடி அழைத்தால் டெட்லாக்தான்: அதே பூட்டுக்காக டிரைவர் என்றென்றும் காத்து நிற்கும். பூட்டை மீண்டும் பிடித்ததும் பழைய பாயிண்டரை நம்பாமல் வரிசையின் தலையிலிருந்தே பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இரண்டையும் மாற்றியதும் 4096 உடனே போய்ச் சேர்ந்தது. ஆனால் ஏக்குக்குக் காத்திருக்கும் நேரத்தில் கேபிளைப் பிடுங்கினால் அந்த ரிக்வெஸ்ட் முடியாமலே தொங்குகிறது.

பதில் 2

இனி அந்த ஏக் வரப்போவதில்லை. எண்ட்பாயிண்டை முடக்கும் ஃபங்ஷனில் ஃபைஃபோவைக் காலி செய்து, வரிசையில் எஞ்சிய அனைத்தையும் ஈஷட்டவுன் (எண்ட்பாயிண்ட் மூடப்பட்டது என்ற) பிழையுடன் திருப்பிக் கொடுங்கள். ஃபைஃபோவில் நின்றதும் அதில் அடக்கம்.