காற்றில் இயங்கும் கைப் பிரஸ்: தகட்டு இணைப்பு பிடி விடுகிறது, துளையில் பிசிறு வருகிறது. உதவி தேவை

ரங்கூன் தகட்டுப் பட்டறை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ரங்கூனில் தகட்டுப் பட்டறை நடத்துகிறோம். பசேன் பக்கத்து அரிசி ஆலைகளுக்கு உமியையும் தூசியையும் உறிஞ்சி வெளியேற்றும் டக்ட் குழாய்களே எங்களுடைய முக்கியமான வேலை. 0.8 மி.மீ. கனமுள்ள நாகப் (துத்தநாகப்) பூச்சுத் தகட்டை மடித்து, ஓரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ரிவெட்டோ வெல்டிங்கோ இல்லாமல் கிளிஞ்ச் முறையில் (இரண்டு தகடுகளையும் சேர்த்து அழுத்தி ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போடும்படி) குமிழ் அடித்து இணைக்கிறோம். இதற்காக, சி வடிவத் தலையும் தனியாக ஒரு பூஸ்டரும் (காற்றின் அழுத்தத்தைப் பன்மடங்கு எண்ணெய் அழுத்தமாக்கும் பகுதி) கொண்ட, காற்றால் எண்ணெயை அழுத்தி வேலை செய்யும் தூக்கிச் செல்லக்கூடிய பிரஸ் ஒன்றை வைத்திருக்கிறோம். தலையை மாற்றிப் பொருத்தினால் அதிலேயே 8 மி.மீ. துளையும் போடலாம்.

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து குமிழ்கள் ஆழமாக இறங்குவதில்லை. இணைத்த இரண்டு தகடுகளையும் கையால் பிடித்து முறுக்கினாலே சில இணைப்புகள் கழன்று வந்துவிடுகின்றன. வேறு சிலவற்றில் குமிழின் கழுத்தைச் சுற்றி மயிரிழை போன்ற வெடிப்பு தெரிகிறது. துளை போடும்போது ஒரு பக்கம் மட்டும் பிசிறு நிற்கிறது. பஞ்ச் (மேலிருந்து தகட்டை அழுத்தும் முனை) தகட்டில் சிக்கியும் கொள்கிறது. கம்ப்ரசர் தொட்டியில் 7 பார் இருக்கிறது, ரெகுலேட்டர் 6 பார் காட்டுகிறது. மின்சாரம் முறை வைத்து வருவதால், அது இல்லாத நேரங்களில் கம்ப்ரசரை டீசல் எஞ்சினில் பெல்ட் போட்டு ஓட்டுகிறோம். கம்ப்ரசரிலிருந்து பிரஸ் வரை ஏறக்குறைய 20 மீட்டர் நீளத்துக்குச் சுருள் ஹோஸ் போகிறது.

துளை விழுந்துவிடுவதால் பிரஸ்ஸின் விசையில் குறை இருக்காது என்று எங்கள் பையன்கள் கருதுகிறார்கள். பூஸ்டரையே மாற்ற வேண்டும் என்று விற்பனையாளர் சொல்கிறார். அது பெருஞ்செலவு என்பதால், அதற்கு முன் எதையெதைச் சோதிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மோல்மேன் ஆலைப் பராமரிப்பு

தம்பி, பூஸ்டரை இப்போது தொட வேண்டாம். துளை விழுவதை வைத்து விசை போதும் என்ற முடிவுக்கு வரக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். துளைக்குத் தேவைப்படும் விசை என்பது துளையின் சுற்றளவையும் தகட்டின் கனத்தையும் தகட்டின் வெட்டு வலிமையையும் பெருக்கி வரும் தொகையாகும். சாதாரண மென் எஃகின் வெட்டு வலிமையைச் சதுர மில்லிமீட்டருக்கு 350 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால், 0.8 மி.மீ. தகட்டில் 8 மி.மீ. துளைக்கு ஏறத்தாழ 7,000 நியூட்டன், அதாவது 700 கிலோ எடைக்கு ஈடான விசை போதும். அதே கனத்தில் இரண்டு தகடுகளைக் கிளிஞ்ச் செய்யவோ, குமிழின் அளவைப் பொறுத்து, இரண்டு மூன்று டன் விசை வேண்டும். ஆகவே பாதி விசை மட்டுமே வரும் பிரஸ்ஸும் துளையைத் தடங்கலின்றிப் போடும். குமிழைத்தான் அரைகுறையாக விடும்.

100 மி.மீ. விட்டமுள்ள வெறும் காற்று சிலிண்டர் 6 பாரில் 4,700 நியூட்டன் அளவுக்கே தள்ளும். எண்ணெய் பூஸ்டர் இருப்பதே அந்தக் குறையை ஈடுசெய்வதற்காகத்தான். அதனால் பூஸ்டருக்குள் போகும் காற்றின் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், தலையில் கிடைக்கும் டன்னும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

நீங்கள் குறிப்பிட்ட 6 பார், பிரஸ் சும்மா இருக்கும்போது ரெகுலேட்டரில் தெரியும் எண். அது வேலைக்கு உதவாது. பூஸ்டரின் காற்று வாயிலை ஒட்டி ஒரு டீ (T) வடிவ இணைப்பில் அழுத்தமானியைப் பொருத்துங்கள். டிரிகரை இழுத்து அடிக்கும்போது முள் எவ்வளவு இறங்குகிறது, திரும்பி ஏற எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். அடுத்ததாக, ஒரே தகட்டுத் துண்டில் வழக்கம்போல் சட்டென்று விட்டுச் சில குமிழ்களும், பஞ்ச் முழுவதும் இறங்கி நின்ற பிறகும் டிரிகரை விடாமல் சற்றே பிடித்திருந்து சில குமிழ்களும் அடியுங்கள். பிடித்திருந்து அடித்தவை ஆழமாக இறங்கியிருந்தால், காற்று வந்து சேருவதில் தாமதம் இருக்கிறது, பூஸ்டரில் பழுதில்லை என்று பொருள். எவ்வளவு நேரம் பிடித்தாலும் ஆழம் கூடாவிட்டால், எண்ணெயின் அளவையும், எண்ணெய்க்குள் காற்றுக் குமிழி புகுந்திருக்கிறதா என்பதையும், உள் சீலையும் அந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும். எண்ணெயில் காற்று கலந்தால், பூஸ்டரின் பிஸ்டன் தன் ஓட்டத்தை அந்தக் காற்றை அமுக்குவதிலேயே செலவழித்துவிட்டுத் தகட்டுக்கு விசை கொடுக்குமுன் முட்டி நின்றுவிடும்.

குமிழின் ஆழத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். குமிழின் அடியில் இரண்டு தகடுகளும் சேர்ந்து மிஞ்சியிருக்கும் கனத்தை, கூர்முனை கொண்ட டயல் கேஜால் அளந்து எழுதுங்கள். உங்கள் டைக்குரிய (பஞ்ச் இறங்கும் கீழ் அச்சுக்குரிய) சரியான எண் அதனுடன் வந்த அட்டவணையில் இருக்கும். பெரும்பாலும் மொத்தக் கனத்தின் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். குமிழின் விட்டத்தையும் வெர்னியரால் குறுக்கும் நெடுக்குமாக அளக்கவும். இரண்டு அளவுகளும் ஒத்துப்போகாமல் குமிழ் கோணியிருந்தால், விரிந்து கொடுக்க வேண்டிய டைத் துண்டுகளில் ஏதோ ஒன்று நாகப் பொடியால் இறுகியிருக்கிறது.

மண்டலே கம்ப்ரசர் பணி

மேலே அண்ணன் சொன்னதுடன், மழைக்காலத்தில்தான் கோளாறு தொடங்கியது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் ஈரம் நிறைந்த காற்று, ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதை 7 பாருக்கு அமுக்கினால், மானி காட்டும் 7 பாருடன் வெளிக்காற்றின் 1 பாரும் சேர்வதால், பருமன் எட்டில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. அது பழைய வெப்பநிலைக்குக் குளிரும்போது எட்டில் ஒரு பங்கு நீராவியை மட்டுமே வைத்துக்கொண்டு மீதியை நீராக விட்டுவிடும். ரங்கூனின் ஆடி மாதக் காற்றில் ஒவ்வொரு கன மீட்டருக்கும் 20 கிராமுக்கு மேல் நீர் தொட்டியிலோ குழாயிலோ இறங்கியே தீரும். தொட்டியில் வடிக்காமல் விட்ட நீர் காற்றுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஃபில்டரின் உறை நனைந்து தூசியைச் சேர்த்துக்கொண்டு அடைத்துக்கொள்கிறது. வால்வுக்குள் போய் மசகைக் கழுவிவிடுகிறது. தொட்டியின் அடித் திருகைத் திறந்து, வெறும் காற்று வரும் வரை வடித்துவிட்டு, ஃபில்டர் உறையைக் கழற்றிப் பாருங்கள்.

சுருள் ஹோஸை நான் முதலிலிருந்தே சந்தேகிக்கிறேன். அவற்றின் உள்விட்டம் பெரும்பாலும் 6 அல்லது 8 மி.மீ. மட்டுமே, துப்பாக்கி வடிவக் காற்று ஸ்க்ரூ டிரைவருக்கு அது போதும், பூஸ்டருக்குப் போதாது. குழாய் நீளமாக நீளமாக அழுத்த இழப்பும் அதே அளவில் கூடுகிறது. உள்விட்டம் குறைந்தாலோ இழப்பு பன்மடங்காகிறது. டீசல் எஞ்சினில் ஓட்டும்போது வேகம் ஏறி இறங்குமாகையால், அந்த நேரத்து அளவுகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ரங்கூன் தகட்டுப் பட்டறை

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி செய்து பார்த்தோம். ஃபில்டர் உறை பழுப்பேறி, கையில் எடுத்தபோது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பூஸ்டர் வாயிலில் வைத்த மானி, அடிக்கும்போது 6 பாரிலிருந்து 4 பாருக்கு இறங்கி, மெதுவாகத்தான் மேலேறுகிறது. டிரிகரைப் பிடித்திருந்து அடித்த குமிழ்களின் அடிக்கனம் குறைந்து, அட்டவணையில் உள்ள எண்ணுக்கு வந்துவிட்டது. எண்ணெய் அளவு சரியாகவே இருக்கிறது. எனவே காற்று பற்றிய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கழுத்து வெடிப்பு மட்டும் போகவில்லை. முழு விசை கிடைக்கும்போது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அதே டையில் சென்ற ஆண்டு மிஞ்சிய பழைய துண்டுகளை வைத்து அடித்தால் வெடிப்பே இல்லை. புதிய தகடும் அதே கனம்தான், மைக்ரோமீட்டரில் அளந்துவிட்டேன்.

பெகு கூரைத் தகட்டு வேலை

ஐயா, உங்கள் கடைசி இரண்டு வாக்கியங்களிலேயே விடை இருக்கிறது. கனம் ஒன்றாக இருந்தாலும் தகட்டின் கடினம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. கூரைக்கு உருட்டி வடிவமைக்கும் தகடுகளில் பல, ஜி550 என்னும் தரத்தைச் சேர்ந்தவை. அவற்றின் இழுவிசைத் தாங்குதிறன் சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 550 நியூட்டன். குளிர்நிலையில் உருட்டி, முழுமையாகப் பதப்படுத்தாமல் விடுவதால் அந்த வலிமை வருகிறது. அதற்கு விலையாக நீட்சி மிகவும் குறைந்துவிடுகிறது. கூரைக்கு அது பொருத்தமானது, ஏனென்றால் அங்கே தகடு அதிகம் நீள வேண்டியதில்லை. கிளிஞ்சில் நடப்பது வேறு: பஞ்ச் தகட்டைக் கிண்ணம்போல் இழுத்து டைக்குள் இறக்கி, அடியில் நசுக்கிப் பக்கவாட்டில் பிதுக்குகிறது. அந்தப் பிதுக்கம்தான் மேல் தகட்டைக் கீழ்த் தகட்டுக்குள் கொக்கி போட்டு நிறுத்துகிறது. கழுத்துப் பகுதி நன்றாக நீண்டு கொடுத்தால்தான் இது கூடும்; நீளாத தகடு அங்கேயே கிழிகிறது. விசையைக் கூட்டக் கூட்டக் கிழிசலும் கூடுவதற்குக் காரணம் இதுவே.

கடைக்காரரிடம் கேட்டு வாதாடுவதைவிடப் பட்டறையிலேயே சோதித்துக்கொள்ளலாம். புதிய தகட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, வைஸில் பிடித்து மடக்கி, சுத்தியலால் தட்டி இரண்டு பாதியும் ஒட்டும்படி படிய வையுங்கள். பிறகு மடிப்பின் வெளிமுதுகை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நாகப் பூச்சில் மட்டும் மெல்லிய கோடுகள் தெரிந்தால் பாதகமில்லை. அடியில் உள்ள எஃகே விரிசல் விட்டிருந்தால் அந்தத் தகடு கிளிஞ்சுக்கு ஆகாது. அடுத்த முறை வாங்கும்போது மடிப்பு வேலைக்கும் இழுத்து வடிவமைக்கும் வேலைக்கும் உரிய மென்தரத் தகடு என்று சொல்லிக் கேளுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு துண்டை வாங்கி மடக்கிப் பார்த்துவிடுங்கள்.

கையிருப்பை என்ன செய்வது என்று கேட்பீர்கள். தயவுசெய்து அதை வெல்டிங் செய்து தீர்த்துவிட வேண்டாம். துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகிவிடும். எஃகு உருகுவது அதற்கும் பல நூறு டிகிரி மேலே. வெல்டிங் செய்த இடத்தில் பூச்சு எரிந்து வெறும் இரும்பு நிற்கும், நம் ஊர் மழையில் அங்கேதான் முதலில் துரு பிடிக்கும். அந்த வெண்புகையை மூச்சில் இழுத்தவருக்குக் காய்ச்சலும் வரும். அந்தத் தகட்டைத் துளை போட்டு ரிவெட் அடிக்கும் வேலைகளுக்கு ஒதுக்கிவிடுவதே நல்லது.

மோல்மேன் ஆலைப் பராமரிப்பு

பெகு நண்பர் சொன்னது முற்றிலும் சரி. இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்ததால்தான் குழப்பம் நேர்ந்திருக்கிறது: ஆழமில்லாமல் கழன்றவை காற்றால், வெடித்தவை தகட்டால்.

ஒரு பக்கப் பிசிறு இவை இரண்டிலும் சேராது. பஞ்சும் டையும் நடு ஒத்துப்போகாததால் வருவது அது. 0.8 மி.மீ. மென் எஃகுக்குப் பஞ்சைச் சுற்றிலும் ஒவ்வொரு பக்கமும் 0.04 முதல் 0.08 மி.மீ. வரை இடைவெளி இருக்க வேண்டும். தலையை அடிக்கடி கழற்றி மாட்டுவதால் டைப் பிடிப்பான் மயிரிழை அளவு நகர்ந்தாலே ஒரு பக்கம் இடைவெளி இல்லாமலும் எதிர்ப் பக்கம் இரட்டிப்பாகவும் ஆகிவிடும். பிசிறு அந்த அகன்ற பக்கத்தில் நிற்கும், பஞ்ச் சிக்குவதும் இந்த நகர்வால்தான். பிடிப்பான் திருகுகளைச் சற்றுத் தளர்த்தி, ஒரு மெல்லிய தாளை டையின் மேல் வைத்து, காற்றழுத்தத்தைக் குறைத்துப் பஞ்சை மெதுவாக இறக்குங்கள். தாள் சுற்றிலும் ஒரே மாதிரி சுத்தமாக வெட்டுப்படும் வரை டையை நகர்த்தி, அதன் பிறகு திருகை இறுக்குங்கள்.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாளையோ தகட்டையோ நகர்த்தும்போது விரல் பஞ்சின் கீழே போகக்கூடாது. தலையை மாற்றும்போது காற்று ஹோஸைக் கழற்றி, பூஸ்டரில் மிஞ்சிய காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். எண்ணெய் ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று பையன்கள் விரலால் தடவிப் பார்க்கும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஊசித்துளை வழியே பீறிடும் உயரழுத்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். மேலே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் அது உடனே அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டிய காயம். கசிவை ஓர் அட்டைத் துண்டைக் காட்டித்தான் தேட வேண்டும்.

ரங்கூன் தகட்டுப் பட்டறை

மடக்குச் சோதனையில் புதிய தகட்டின் முதுகு முழுநீளத்துக்கும் விரிந்துவிட்டது. பழைய துண்டு படிந்து மடங்கியது. மென்தரத் தகடு இருக்கும் வேறொரு கடையில் துண்டு வாங்கி மடக்கிப் பார்த்துவிட்டே எடுத்தோம். சுருள் ஹோஸை எடுத்துவிட்டு, 12 மி.மீ. உள்விட்டமுள்ள நேர் ஹோஸ் போட்டிருக்கிறோம். பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் திரும்பா வால்வு வைத்து ஒரு சிறு காற்றுத் தொட்டியும் சேர்த்தோம். இப்போது அடிக்கும்போது மானி 5.5 பாருக்குக் கீழே இறங்குவதில்லை, டீசல் எஞ்சினில் ஓடும்போதும் அப்படியே. தாளை வைத்து டையை நடுப்படுத்திய பின் பிசிறும் நின்றுவிட்டது. பூஸ்டர் பழையதே.

இனி ஒவ்வொரு கட்டுத் தகட்டிலும் வேலை தொடங்குமுன் ஒரு துண்டில் குமிழ் அடித்து, அடிக்கனத்தை அளந்து, பிறகு உளியால் பிரித்துப் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். பிரிக்கும்போது குமிழ் முழுதாக வழுக்கிக் கழன்று வருவதற்கும், கழுத்து அறுந்து வருவதற்கும் என்ன பொருள் என்று மட்டும் சொல்லுங்கள்.

பெகு கூரைத் தகட்டு வேலை

வழுக்கிக் கழன்றால் அடியில் பிதுக்கம் போதவில்லை, அதாவது கொக்கி சிறியது. விசையையும் அடிக்கனத்தையும் பாருங்கள். கழுத்து அறுந்தால் அங்கே தகடு மெலிந்துவிட்டது. தகட்டின் தரத்தையும், பஞ்ச் முனையில் நாகம் ஒட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கனம் வேறுபட்ட இரண்டு தகடுகளை இணைக்கும்போது கனமானதைப் பஞ்ச் பக்கம் வையுங்கள். மெல்லியதை அங்கே வைத்தால் கழுத்து அறுவது அதிகமாகும்.

ரங்கூன் தகட்டுப் பட்டறை

குறித்துக்கொண்டேன். பசேன் ஆலைக்கான டக்டில் வளைவுப் பகுதிகள் 1 மி.மீ. தகடு, நேர்ப் பகுதிகள் 0.8, வளைவின் ஓரத்தைப் பஞ்ச் பக்கம் வைத்தே அடிக்கிறோம்.