புதுப்பிப்பு: கல்லடி வெயிலில் பட்டர் ஐசிங்

மட்டக்களப்புக் கல்லடியில், கேக்கின் மேல் பட்டர் ஐசிங்கில் போடும் ரோசாப்பூக்கள் பிற்பகலில் சரிந்துவிடுகின்றன, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். சொன்ன வழிகளில் கைகொடுத்தது ஒன்றுதான்: பட்டரில் பாதியைக் குறைத்து வெள்ளைக் கொழுப்பு (ஷோர்ட்னிங்) சேர்ப்பது. பட்டர் 32 முதல் 35 பாகை செல்சியஸுக்குள் உருகிவிடும். வெள்ளைக் கொழுப்பு அதைவிடச் சூடு தாங்கும். சுவை ஒரு படி குறைவுதான். வனிலாவும் ஒரு சிட்டிகை உப்பும் ஓரளவு ஈடுகட்டுகின்றன. இப்போது இதழின் ஓரம் மெல்லியதாக, மடிப்புக் கலையாமல் நிற்கிறது. உள்ளங்கைச் சூடும் ஐசிங்கை இளக்கும் என்பதால் பிழியும் பையில் கொஞ்சமாகவே நிரப்புகிறேன். ஃபொண்டன்ட் (கேக்கை மூடும் சீனி மா) பக்கம் போகவில்லை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்ததும் வாவிக் காற்றில் வியர்த்து ஒட்டும்.

காத்தான்குடியிலிருந்து முதல் ஓடர் வந்திருக்கிறது, பிறந்தநாள் கேக். விலை எப்படிப் போடுவது? மாமி சும்மாவே கொடு என்கிறார். எனக்கு உடன்பாடில்லை.