மியூஸ்லி பிஸ்கட்: யாருக்குச் சரிவரும்?

உவர்மலையில் இருந்து:

மெல்பேர்னில் இருந்து வரும் சொந்தக்காரரின் பெட்டியில் இப்போதெல்லாம் சொக்லேட்டை விட, ஓட்ஸும் காய்ந்த பழமும் சேர்த்துச் செய்கிற மியூஸ்லி பிஸ்கட்தான் கூட. "மாமாவுக்குச் சீனி வருத்தம்தானே, இது ஓட்ஸ், பயமில்லாமல் குடுங்கோ" என்று சொல்லியே தருகிறார்கள். மாமாவும் பின்னேரத் தேத்தண்ணியைச் சீனி இல்லாமல் குடித்துக்கொண்டு, பக்கத்தில் மூன்று பிஸ்கட்டை வைத்துக்கொள்வார். கிளினிக்கில் மிஸி கேட்டபோது "நான் ஓட்ஸ்தான் சாப்பிடுறன்" என்று பெருமையாகவும் சொன்னார்.

பக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். சேர்மானங்களை நிறை கூடியதில் இருந்து குறைந்ததுக்கு என்றுதான் எழுதுவார்கள். முதலாவது ஓட்ஸ், 30 வீதம். அடுத்ததே சீனி. பிறகு கோதுமை மா, மாஜரின், பிளம்ஸ், தேங்காய்ப்பூ, கோல்டன் சிரப். 100 கிராமில் சீனி 26 கிராம், கொழுப்பு 19 கிராம். ஒரு பிஸ்கட் 25 கிராம் நிறை. அப்படியென்றால் மூன்று பிஸ்கட்டில் ஏறக்குறைய ஐந்து தேக்கரண்டி சீனி! தேத்தண்ணியில் போடாததெல்லாம் பிஸ்கட் வழியாக உள்ளே போயிருக்கிறது.

இங்கே இலங்கைக் கடையில் விற்கிற பக்கட் என்றால் 100 கிராமில் சீனி 22 கிராமையும் கொழுப்பு 17.5 கிராமையும் தாண்டியவுடன் சிவப்பு நிறம் போட வேண்டும். பெட்டியில் வருகிறதில் அந்தச் சிவப்பு இல்லை. அதுதான் வீட்டுக்காரர் எல்லாருக்கும் நம்பிக்கை.

ஓட்ஸால் கொலஸ்ட்ரோல் குறையும் என்பது பொய்யில்லை. அதில் உள்ள பீட்டா குளுக்கன் என்ற நார்ப்பொருள் நாளுக்கு 3 கிராம் அளவில் சேர வேண்டும், அதற்கு 75 கிராம் ஓட்ஸாவது தேவை. இந்தப் பிஸ்கட்டில் அதை எடுக்க வேண்டுமென்றால் பத்து பிஸ்கட் சாப்பிட வேணும். பேசாமல் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் குடிக்கலாம்.

1900ஆம் ஆண்டளவில் சூரிச்சில் பிர்ச்சர் பென்னர் என்ற வைத்தியர் தன் நோயாளிகளுக்குக் கொடுத்த மியூஸ்லியில் முக்கியமானது சமைக்காமல் துருவிய அப்பிள். ஊறவைத்த ஓட்ஸ் ஒரு மேசைக்கரண்டிதான். அதற்கும் இந்தப் பிஸ்கட்டுக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான் மிச்சம்.

கிண்ணியாவில் இருந்து:

அக்கா, எங்கட வீட்டில் சீனியை விட, சேர்மானங்களில் 471 என்று இலக்கமாக மட்டும் போடுகிற, எண்ணெயையும் தண்ணியையும் ஒன்றாகக் கலக்க வைக்கிற பொருள்தான் பிரச்சினை. அந்த இலக்கம் போட்ட பொருளை மரக்கறிக் கொழுப்பில் இருந்தும் எடுக்கலாம், விலங்குக் கொழுப்பில் இருந்தும் எடுக்கலாம். எது என்று பக்கட்டில் எழுதாவிட்டால் உம்மா தொடவே மாட்டா. ஹலால் முத்திரையோ, மரக்கறிக் கொழுப்பு என்ற குறிப்போ இருந்தால் பிரச்சினை இல்லை. வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற பக்கத்து வீட்டு அக்காவும் இதே வரியைத்தான் தேடுவா, முட்டை இருக்கா என்றும் சேர்த்து.

நிலாவெளியில் இருந்து:

என் மகளுக்குக் கச்சான் ஒத்துவராது. வாய் வீங்கி மூச்சு வாங்கும். மியூஸ்லி பிஸ்கட்டில் கச்சான் போடாவிட்டாலும் அதே இயந்திரத்தில் கச்சான் பிஸ்கட் செய்திருப்பார்கள், கடைசி வரியில் சின்ன எழுத்தில் "இருக்கலாம்" என்று போட்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பங்கு போட்டுச் சாப்பிடுகிறபோது யார் அதை வாசிக்கப் போகிறார்கள்? ஆகவே வீட்டிலேயே சொல்லி வைத்திருக்கிறோம், வேறு ஆக்கள் தந்தால் வாங்கக் கூடாது என்று. கோதுமை ஒத்துவராத ஆக்களுக்கும் இது சரிவராது, ஓட்ஸ் என்று பெயர் இருந்தாலும் உள்ளே கோதுமை மாதான் பிடித்துவைக்கிறது.

தம்பலகாமத்தில் இருந்து:

எல்லாரும் குறையே சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் மாறிச் சொல்கிறேன். விடியவே கன்னியாப் பக்கம் சைக்கிள் ஓடுகிற பெடியன் நான். ஒரு பிஸ்கட்டில் 110 கலோரிக்குக் கிட்ட இருக்கும், சட்டைப் பையில் உருகாமல் கிடக்கும், பாதி வழியில் கால் சோர்ந்தால் அது போதும். எனக்கு அந்தச் சீனிதான் தேவை.

வீட்டில் அம்மா குரக்கன் மா, ஓட்ஸ், எள்ளு போட்டுச் சுடுவா. நல்ல ருசி. ஆனால் சீனிக்குப் பதில் கித்துள் பாணி விட்டதால் சீனி வருத்தக்காரர் எவ்வளவும் சாப்பிடலாம் என்று அவ சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம், பாணியும் சீனிதான்.

உவர்மலையில் இருந்து:

தம்பி, குரக்கன் பிஸ்கட்டின் அளவுகளை அம்மாவிடம் கேட்டுப் போடுங்கோ. மாமாவுக்கு இப்போது பின்னேரத்தில் ஒரு பிஸ்கட், கூட ஒரு பிடி அவித்த கடலை. முகம் சுருங்கினாலும் சாப்பிடுகிறார்.