மறுமொழி: ஈரூடகப் படையெடுப்பா, கரையேற்றத் தாக்குதலா?

ஐயா வணக்கம்,

அரண் கட்டின ஒரு தீவைக் கடல்வழியா வந்து பிடிக்கிற போருக்கு (இங்கிலீஷ்ல amphibious assault) நம்ம கலைச்சொல் பட்டியல்ல "ஈரூடகப் படையெடுப்பு"ன்னு வச்சுக்கலாம்னு எழுதியிருந்தீங்க. ரெண்டு நாளா யோசிச்சுப் பாத்தேன், மனசு ஒப்பல. ஈரூடகம்ங்கறது தண்ணியிலயும் போகும் தரையிலயும் போகும்ங்கற குணம், அது வண்டிக்குப் பொருந்தும், போருக்கு எப்படி?

ரெண்டாம் உலகப்போர்ல பசிபிக் கடல்ல ஜப்பான் கையில இருந்த தராவாவை அமெரிக்கா தாக்கினதை எடுத்துக்கோங்க. 1943 நவம்பர் 20, பெட்டியோ தீவு, சுமார் 3 கி.மீ. நீளம், அகலமான இடத்துல கூட ஒரு கி.மீ. கிடையாது. சுத்தி பவளப்பார், அதாவது தண்ணிக்கடியில பவளப்பாறைத் திட்டு. அன்னைக்குன்னு பாத்து ஓதம் (கடல்நீர் ஏத்தம்) ஏற வேண்டிய அளவுக்கு ஏறல, ஆளுகளைக் கரைக்குக் கொண்டுபோற ஹிக்கின்ஸ் படகு ஆளோட மிதக்க ஏறக்குறைய 4 அடி தண்ணி வேணும், பார் மேல அவ்வளவு இல்ல. படகெல்லாம் பார்லயே தட்டி நின்னுருச்சு, அமெரிக்க மரைன்கள் (கடல்வழியா வந்து தாக்குற படைவீரர்கள்) பலநூறு மீட்டர் தண்ணிக்குள்ள நடந்தே போனாங்க, எதிர்ல இயந்திரத் துப்பாக்கி. சங்கிலிப்பட்டை போட்ட ஆம்ட்ராக் வண்டி மட்டும் பார் மேல ஏறிப் போச்சு, அதுவும் 125தான் இருந்துச்சு. ஆக ஒரே போர்ல ஈரூடகமா இருந்ததும் உண்டு, இல்லாததும் உண்டு, இல்லாததுல வந்தவங்கள்ல நிறையப்பேர் செத்தாங்க. அப்புறம் மொத்தப் போருக்கும் அந்தப் பேரு எப்படிப் பொருந்தும்? ஆம்ட்ராக்குக்கு "ஈரூடக ஊர்தி" ரொம்பச் சரி, அதை அங்கயே வச்சுக்கலாம்.

"தரையிறக்கம்" ஈழத்துல நல்லா புழங்கின சொல், எனக்கு மரியாதை உண்டு. ஆனா விமானமும் தரையிறங்குது. படகுல வர்றவன் இறங்குறதில்லையே, கரையேறுறான், நம்ம வாயில இயல்பா வர்றது அதுதான். அதனால "கரையேற்றத் தாக்குதல்". கரையேறுறதுன்னா துன்பத்துலேர்ந்து மீள்றதுன்னு அர்த்தம் வந்துருமேன்னு கேட்டிருந்தீங்க. அந்த அர்த்தமே தண்ணியிலேர்ந்து வந்ததுதானே, பக்கத்துல தாக்குதல்னு நின்னா யாருக்கும் குழப்பம் வராது.

படையெடுப்பு வேற, கரையேற்றம் வேற, இதை மட்டும் விட்டுறக் கூடாது. 1565ல ஒட்டோமன் (துருக்கி) படை மத்தியதரைக் கடல்ல இருக்கிற மால்டா தீவுல கரையேறினப்போ கரையில பெரிய எதிர்ப்பு இல்ல, சண்டையெல்லாம் அப்புறம் செயின்ட் எல்மோ மாதிரிக் கோட்டைகளைச் சுத்தித்தான், கடைசியில தோத்துத் திரும்பினாங்க. அது முற்றுகை, நம்ம பழைய புறத்திணைக் கணக்குல உழிஞை. உள்ளேருந்து காத்தவங்க பக்கம் நொச்சி. ராசேந்திர சோழன் மெய்க்கீர்த்தி "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி"ன்னு சொல்லுதே, அந்த முழு விஷயத்துக்கும் "கடல்வழிப் படையெடுப்பு"ன்னு வச்சுக்கிட்டு, கரையில நடக்கிற அந்த முதல் மோதலுக்கு மட்டும் கரையேற்றத் தாக்குதல்னு ஒதுக்கிறலாம்.

தீவுக்கு "கோட்டைத்தீவு" வேண்டாம், "அரண்தீவு" போதும். கோட்டைன்னா மதில்தான் கண்ணுல வரும். 1945 பிப்ரவரியில அமெரிக்கா தாக்கின ஜப்பான் தீவு இவோ ஜிமாவுல மதில் எங்க இருந்துச்சு? அங்க இருந்த ஜப்பான் தளபதி குரிபயாஷி கி.மீ. கணக்குல சுரங்கம் தோண்டி ஆளுகளை மண்ணுக்குள்ள வச்சிருந்தாரு, கரையில ஆளும் சாமானும் குவியற வரைக்கும் பெருசா சுடாம காத்திருந்து அப்புறம் அடிச்சாரு. மலை, காடு, நீர் எல்லாத்தையும் அரண்னு சொன்ன மொழிக்கு மண்ணுக்குள்ள இருக்கிறதும் அரண்தான்.

இன்னொண்ணு மீதி இருக்கு. தராவாவுல முதல் நாள் ராத்திரி மரைன்கள் கையில இருந்தது தென்னந்தடிச் சுவரை ஒட்டின கொஞ்சம் மணலும், அங்கங்க கொஞ்சம் உள்ளயும். அப்படிப் பிடிச்சு வச்சிருக்கிற துண்டுக்கு "கரைப்பிடி"ன்னு எழுதிப் பாத்தேன். பிடி நழுவுச்சு, பிடி இறுகுச்சுன்னு எழுத வசதியா இருக்கு. இதைவிடப் பொருத்தமா உங்களுக்கு எதாவது தோணினா எழுதுங்க ஐயா, பட்டியல்ல ஏத்துறதுக்கு முன்னாடி மாத்திக்கலாம்.