வளவுக்குள் வரும் பீடிப் புகையும் வளர்கிற பிள்ளைகளும்: உங்கள் அனுபவம் என்ன?

வளவுக்காரி, திருநெல்வேலி டவுன்

மகள் பத்தாம் வகுப்பு. மழைக்காலம் பிறந்தாலே அவளுக்கு இளைப்பு வந்துவிடும். இந்தத் தடவை வீசிங் கூடிப்போய், ராத்திரி உட்கார்ந்தே தூங்கினாள். ஐகிரவுண்டுப் பக்கம் ஒரு நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப்போனேன். குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் அளவைப் பார்த்தார்கள். சீட்டைப் பார்த்ததும் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல யாரு பீடி, சிகரெட் குடிக்கா?" யாரும் இல்லை என்றேன். "பக்கத்து வீட்டுல?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

டவுன் வளவு எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். ஒரே வாசல், உள்ளே வரிசையாக வீடுகள், நடுவில் ஒரு நடை. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் எல்லா வீட்டிலும் கூட ஒரு பிடி சோறு இறங்கும். பீடிப் புகைக்கும் அதே வழிதான். அடுத்த வீட்டுப் பெரியவர் சாயங்காலம் நடையில் ஈசிசேரைப் போட்டு உட்காருவார். தங்கமான மனிதர், என் மகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். அவள் படிக்கிற ஜன்னல் அவர் தலைக்கு நேரே இருக்கிறது. மூத்தவரிடம் போய், 'இங்கன குடிக்காதீங்க' என்று எந்த வாயால் சொல்ல? உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்படி நேர்ந்திருந்தால் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார், பாளையங்கோட்டை

ஃபேனைப் போடு, ஜன்னலை மூடு என்று யாராவது யோசனை சொல்வதற்குள் முந்திக்கொள்கிறேன். ஃபேன் புகையை வெளியே அனுப்பாது, அறைக்குள்ளேயே சுற்றவிடும். அறிவியல் வாத்தியாராக இருந்தவன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பீடியை ஒருவர் இழுப்பது சில நொடிதான். மற்ற நேரமெல்லாம் அதன் நுனி தானாகக் கனன்றுகொண்டிருக்கிறது. அப்போது சூடு குறைவு, முழுசாக எரிவதில்லை. அதனால் அந்த நுனிப் புகையில் பல நச்சுகள், குடிப்பவர் உள்ளே இழுக்கிற புகையில் இருப்பதை விடக் கூடுதல். பக்கத்தில் இருப்பவர் மூச்சில் போவது பெரும்பாலும் இந்த நுனிப் புகைதான். இதில் 7000க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள், சுமார் 70 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது என்று அமெரிக்க அரசின் தலைமைச் சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரல் 2006இல் அறிக்கையே கொடுத்துவிட்டார். நமக்கு நுரையீரல் வளர்ந்து முடிந்துவிட்டது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இன்னும் வளர்கிறது, ஏறக்குறைய இருபது வயது வரை. அந்த வயதில் புகை பட்டால் மூச்சின் கொள்ளளவு முழு அளவுக்கு எட்டாமலே போகலாம். ஏற்கனவே இளைப்பு உள்ள பிள்ளைக்கு அடிக்கடி வரும், வந்தால் கடுமையாகவும் வரும்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கூப்பிட்டால் திரும்பமாட்டான். திமிர் என்று சொன்ன வாத்தியார்களும் உண்டு. காது டாக்டரிடம் அனுப்பினோம். நடுக்காதில் நீர் கட்டியிருந்தது. அவன் அப்பா ஒற்றை அறை வீட்டுக்குள் கட்டுக் கட்டாகப் பீடி குடிக்கிறவர். அதனால்தான் என்று அடித்துச் சொல்லமாட்டேன், சளியாலும் நீர் கட்டும். ஆனால் 12 முதல் 19 வயதுப் பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் செய்து 2011இல் வெளியிட்ட ஒரு ஆய்வைப் படித்தபோது இந்தப் பையன்தான் கண்முன் வந்தான். அது நீர் கட்டுவதைப் பற்றியதல்ல, உள்காது நரம்பு சம்பந்தப்பட்ட கேள்திறன் குறைவைப் பற்றியது. அடுத்தவர் புகையைச் சுவாசித்த பிள்ளைகளுக்கு அந்தக் குறைவு அதிகமாக இருந்தது. தங்களுக்குக் காது மந்தம் என்பதே அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியவில்லையாம்.

மில்காரர், விக்கிரமசிங்கபுரம்

எங்கள் அப்பா சாகும்வரை குடித்தார். பிள்ளைகள் ஏழு பேர், ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அம்மா விறகடுப்பில் ஊதின புகை அதைவிட எத்தனையோ மடங்கு. இப்போதுதான் எல்லாவற்றுக்கும் டாக்டர் சீட்டு.

முக்கூடல்காரன்

அண்ணாச்சி, கோபப்படாதீர்கள். ஏழு பேரும் நன்றாக இருப்பதில் சந்தோஷம். விறகுப் புகையும் கெடுதல்தான். அதற்காக இதைச் சேர்த்துச் சுவாசிக்க வேண்டுமா?

எங்கள் வீட்டில் பீடி குடித்தவர் யாரும் இல்லை, ஆனால் பீடியில்தான் சாப்பிட்டோம். ஆச்சி, அம்மா, அக்கா மூன்று பேரும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் காட்டு இலை இங்கே எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் நனைந்து கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இலை வெட்டுவது என் வேலை. புகையிலைத் தூள் நெடியில் தும்மிக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன். அது புகை இல்லை, தூள்தான். ஆனால் நிக்கோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். பீடியைத் திட்டிப் பேச எனக்கு நா கூசுகிறது. என் காலேஜ் ஃபீஸ் அதில் வந்தது.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பீடி சின்னது, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. புகையிலை குறைவு என்பது நிஜம். ஆனால் அந்த இலைக்குள் காற்று எளிதில் புகாது, விட்டால் அணைந்துபோகும். அணையாமல் இருக்க அடிக்கடி அழுத்தி இழுக்கிறார்கள். புகையில் பிசுபிசுப்பாக வரும் தாரும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் சிகரெட்டை விடக் கூடுதலாகவே வருகின்றன.

பிளஸ் ஒன் லீவில் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவினேன். தகரக் கூரை, தாழ்வான கடை, காலையில் பஸ் வரும்வரை பத்துப் பேராவது உள்ளே நின்று புகை விடுவார்கள். மத்தியானத்துக்குள் தலை விண் விண் என்று தெறிக்கும், கண் எரியும். அடுப்பு வெக்கை என்று நினைத்திருந்தேன், அதிலும் கொஞ்சம் பங்கு இருக்கலாம். கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் என்று காலேஜில் படித்தபோதுதான் அந்தத் தலைவலியின் கணக்கு புரிந்தது.

பிளஸ் டூ, பேட்டை

நான் சின்னப் பையன், எழுதலாமா தெரியவில்லை. எங்களுக்கு டியூஷன் முடிந்து ஷேர் ஆட்டோ ஏறுகிற இடத்தில் ஒரு பெட்டிக்கடை. அங்கே நின்று வந்தால் சட்டை நாறும். ஒரு நாள் அம்மா சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "எந்தப் பயகூட சேந்துலே குடிச்ச?" என்று விளக்குமாறை எடுத்துவிட்டாள். நான் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்தும் நம்பவில்லை. நிக்கோடின் உடம்புக்குள் போய் மாறுகிற கோட்டினின் என்ற பொருளுக்கு எச்சிலில் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும் என்று பயாலஜி சார் கிண்டல் செய்தார். சும்மா பக்கத்தில் நின்றவனுக்கும் அது உடம்பில் கொஞ்சம் காட்டுமாம், அப்புறம் இன்னும் இரண்டு அடி விழும்.

ஆட்டோவில் முன்னால் உட்கார்ந்து குடித்த ஒருவரிடம், "அண்ணாச்சி, இறங்கிக் குடிங்களேன்" என்றேன். "நீ யாருலே எனக்குச் சொல்ல?" என்றார். வண்டியில் இருந்த பெரியவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பொது இடத்தில் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் தடை, 200 ரூபாய் வரை அபராதம், பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கவே கூடாது. இதெல்லாம் பரீட்சைக்கு எழுதினேன். பெட்டிக்கடையிலிருந்து எங்கள் ஸ்கூல் கேட் நன்றாகத் தெரிகிறது.

வளவுக்காரி, திருநெல்வேலி டவுன்

தம்பி, தாராளமாக எழுது. அம்மாவிடம் இதைக் காட்டு.

நடந்ததைச் சொல்கிறேன். அந்தச் சட்டம் பொது இடத்துக்குத்தான், சொந்த வீட்டு நடையில் குடிப்பவரை ஒன்றும் செய்ய முடியாது. செய்யவும் எனக்கு மனமில்லை. நேரே அவரிடம் போகாமல் அவர் வீட்டு ஆச்சியிடம் போனேன். "நான் சொன்னா கேக்கமாட்டாவ. நீ அந்தச் சீட்டைக் கொண்டா" என்றார்கள். மூச்சு ஊதின சீட்டைக் கொடுத்தேன். பெரியவர் கண்ணாடி போட்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இம்புட்டுத்தான் ஊதுதாளா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் ஈசிசேர் வளவு வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது.

இளைப்பு நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். இன்ஹேலர் பையில் இருக்கிறது, டாக்டரம்மா சொன்னபடி இரண்டு வேளையும் எடுக்கிறாள். ராத்திரி இருமல் குறைந்திருக்கிறது. ஐப்பசி மழை கொட்டினால் பெரியவர் எங்கே போவார் என்பதுதான் இப்போது கவலை. ஒரு சந்தேகமும் இருக்கிறது. வெளியே குடித்துவிட்டு அதே துண்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து மகளோடு பேசிக்கொண்டிருக்கிறார். அதில் ஏதும் உண்டா?

ஓய்வுபெற்ற வாத்தியார், பாளையங்கோட்டை

உண்டு. துணி, சுவர், மெத்தை எல்லாவற்றிலும் புகை படிந்து, பிறகு மெல்ல மெல்லக் காற்றில் கலக்கும். நேரடிப் புகை அளவுக்கு இல்லை. இருந்தாலும் இளைப்புக்காரப் பிள்ளைக்கு அந்த நெடியே போதும். துண்டை மாற்றிக் கை, முகம் கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள், ஆச்சி மூலமாகவே. மழைக்கு வாசலில் ஒரு தகரம் இறக்கிக் கொடுக்கலாம். வளவுக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் ஆகிவிடும். 2016-17 தேசியக் கணக்கெடுப்பில், வீட்டுக்குள் அடுத்தவர் புகையைச் சுவாசிக்கும் பெரியவர்களே 38.7 சதவீதம். பெரியவர்களுக்கே இந்தக் கதி, பிள்ளைகள் எங்கே எழுந்து போவார்கள்? பெரியவர் பீடியை விட நினைக்கிறார் என்றால் 1800 11 2356 என்ற இலவச எண் இருக்கிறது.

மில்காரர், விக்கிரமசிங்கபுரம்

அந்த நம்பரில் தமிழில் பேசுவார்களா?

முக்கூடல்காரன்

பேசுவார்கள் அண்ணாச்சி. என் மாமா கூப்பிட்டார். விட நாள் குறிக்கச் சொல்லி, அப்புறம் அவர்களே திரும்பக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மாமா முதல் தடவை தவறிவிட்டார், இப்போது இரண்டாவது தடவை முயற்சி செய்கிறார்.