வளவுக்கு ஒரே வைஃபை: சண்டை எங்கே தொடங்குது?

மதுரையில நாலு ஏரியாக்காரங்க ஆளுக்கு ஒண்ணாச் சொல்றது இது.

செல்லூர்:
எட்டு வீட்டு வளவுல ஒரு ஃபைபர் லைனைப் பங்கு போட்டா, முதல் மாசமே "மாடி வீட்டுப் பையன்தான் மொத்தத்தையும் இழுக்குறான்"னு பேச்சு வரும். பல இடத்துல அது அநியாயமான பழி. வைஃபை ரேடியோவோட ஒரே சேனல்ல (அலைவரிசையில) ஒரு சமயத்துல ஒரு கருவிதான் பேச முடியும். கடைக்கோடி வீட்டு போன் சிக்னல் குறைஞ்சு 6 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்) வேகத்துல தொங்கினா, 120ல இருக்கிற போன் ஒரு நொடியில வாங்குறதை வாங்க அதுக்கு 20 நொடி ஆகும். அங்க ஒரு சமையல் வீடியோ ஓடினாலே மத்த ஏழு வீடும் காத்துக் கிடக்கும். ஆளைக் கேக்குறதுக்கு முன்னாடி ரௌட்டர்ல சிக்னல் அளவைப் பாருங்க. மைனஸ் 75 டிபிஎம்முக்குக் (சிக்னல் பலத்தோட அளவு, மைனஸ் 80ன்னா இன்னும் பலவீனம்) கீழ போற வீட்டுக்கு கேட்6ங்கிற நெட்வொர்க் கேபிளே இழுத்துடுங்க. சிக்னலை வாங்கித் திருப்பிப் பரப்புற ரிப்பீட்டர் வேணாம். ஒரே ரேடியோவுல வாங்கித் திருப்பி அனுப்புறதால, அது வழியாப் போற டேட்டாவுக்கு ரெண்டு மடங்கு நேரம் போகும், அந்த நேரம் எல்லாருக்கும் நஷ்டம்.

ஆனையூர்:
செல்லூர் அண்ணே சொன்னது காத்துல நடக்கிறது. லைனைப் பங்கிடுறது தனி வேலை. 100 எம்பிபிஎஸ்ஸை ஆளுக்கு 12னு பூட்டிடாதீங்க. மத்தியானம் ஒரே வீடு ஆன்லைன்ல இருந்தா மிச்சம் 88 சும்மா கிடக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டிங்கிற இலவச மென்பொருள் ஓடுற ரௌட்டர்ல எஸ்கியூஎம் (டேட்டா வரிசையை ஒழுங்குபடுத்துற புரோகிராம்) நிறுவி, அதுல 'கேக்'ங்கிற பங்கீட்டு முறையைத் தேர்ந்தெடுங்க. கேபிள்ல அளந்த வேகத்துல 90 சதவீதத்தை டவுன்லோடுக்கும் அப்லோடுக்கும் தனித்தனியாப் போடுங்க. அப்பதான் டேட்டா வரிசை நம்ம ரௌட்டர்ல நிக்கும், நம்மால பங்கிட முடியும்.

ரெண்டு இடத்துல கவனம். கேக்ல 'நாட்' ஆப்ஷன் (ரௌட்டருக்கு உள்ள இருக்கிற ஐபி முகவரிகளைப் பிரிச்சுப் பாக்கிறது) விட்டுப்போனா எல்லா வீடும் ஒரே முகவரியாத் தெரியும். டோரன்ட்ல (பல பேர்கிட்ட இருந்து ஒரே சமயத்துல ஃபைல் இறக்குறது) நாற்பது இணைப்பு திறக்கிற வீடு மொத்தத்தையும் அள்ளிடும். ஹார்டுவேர் ஆஃப்லோடு (டேட்டாவை நேரா சிப்பே கடத்துற வசதி) ஆன்ல இருந்தா எஸ்கியூஎம்முக்கே வேலை இல்லாமப் போயிடும்.

கேக் முகவரிக்குத்தான் பங்கு தரும், வீட்டுக்கு இல்ல. ஆறு போன் உள்ள வீட்டுக்கு ஆறு பங்கு போகும். தனியா இருக்கிற பாட்டிக்கு ஒண்ணுதான். அதனால வீட்டுக்கு ஒரு சின்ன ரௌட்டர் வச்சு, அதோட வான் போர்ட்ல (வெளி இணைப்பு வர்ற துளை) கேபிளைச் சொருகுங்க. வீடே ஒரு முகவரி ஆயிடும்.

திருநகர்:
ரௌட்டர் பெருகினா 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 1, 6, 11ங்கிற சேனல் மட்டும் மாத்தி மாத்திக் கொடுங்க, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். மொட்டை மாடியில வைக்கிறதை தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி மறைச்சுடாதீங்க, தண்ணி சிக்னலைக் குடிக்கும். தகரக் கூரைக்குக் கீழயும் வேணாம், சித்திரை வெயில்ல சூடேறி அதுவா ரீஸ்டார்ட் ஆகும்.

யாரும் பேசாத கணக்கு ஒண்ணு, கரண்ட். ஓஎன்டி (ஃபைபர் வந்து சேர்ற பெட்டி), மெயின் ரௌட்டர், கேபிள்களைப் பிரிக்கிற ஸ்விட்ச் சேர்ந்து 20 வாட்னு வச்சா ரெண்டு மாச ஈபி பில்லுல 29 யூனிட் கிட்ட ஏறும். இந்தப் பெட்டிங்க இருக்கிறது இலவச யூனிட்டோட நிக்கிற வீடா இருந்தா அது காசுதான். அந்த வீட்டுப் பங்குல கழிச்சுக் கொடுத்தே ஆகணும்.

கே.புதூர்:
லைன் எடுக்குமுன்னே பிளான் விதியை வாசிங்க. வெளி வீட்டுக்குக் கொடுக்கக்கூடாதுன்னு பல பிளான்ல இருக்கு, ஏதாவது வில்லங்கம்னா கேள்வி யார் பேருல கனெக்‌ஷன் இருக்கோ அவர்கிட்டத்தான் வரும். காசு வாங்கி வெளியாளுக்குக் கொடுக்கிறதா இருந்தா பிஎம்-வாணிங்கிற பொது வைஃபை திட்டம் வழியாப் போங்க. 2020 டிசம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம். பெட்டிக்கடைக்காரர்கூட லைசென்ஸ் இல்லாம, பதிவுக் கட்டணம் கட்டாம வைஃபை கொடுக்கலாம்.